கோழைத் தளபதிக்குப் போட்ட மார்க்கு

செத்துப்போனவர்களுக்கு மார்க்கு போடுவதுதான் அவளுடைய வேலை.

கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. கணினியில் ஆடும் போர் வியூக விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், மூன்றாவது மாடியில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கும் ஒரு மேசையில் அவள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். எப்போதோ வாழ்ந்து மடிந்த ராஜாக்கள், ராணிகள், மந்திரிகள், படைத்தலைவர்கள் எல்லோரும் அந்த மேசையைத் தாண்டித்தான் விளையாட்டுக்குள் போக வேண்டும். ஆளுக்கு ஐந்து மார்க்கு: தைரியம், தந்திரம், பொறுமை, விசுவாசம், நாவன்மை. ஒவ்வொன்றும் இருபதுக்கு. அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் கணினி அந்த ஆளை ஆட்டிவைக்கும். தைரியம் பதினெட்டு என்றால் மனிதர் முன்பின் பார்க்காமல் எதிரிப் படைக்குள் பாய்வார். நாலு என்றால் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'. ஒரு நாள்கூட எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. மார்க்கு போடுகிறாள் அல்லவா, அதனால் வந்த பெயர். வீட்டில் கணவர்கூட, அவள் வந்து செருப்பைக் கழற்றியதும், "இன்னைக்கு யாரைப் பெயிலாக்கினே?" என்றுதான் கேட்பார்.

டீச்சர் ஓரவஞ்சனை இல்லாதவள். ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்று புத்தகமாவது புரட்டாமல் எண்ணில் கை வைக்கமாட்டாள். ஒரு மந்திரியின் விசுவாசம் பதினொன்றா பன்னிரண்டா என்று முழு வாரமும் மண்டையைப் பிய்த்துக்கொண்டதுண்டு. ஒரே ஒருவர் விஷயத்தில்தான் அவள் யோசிக்கவே இல்லை. கோழைத் தளபதிக்கு மூன்று நிமிடத்தில் மார்க்கு போட்டு முடித்தாள். தைரியம்: இரண்டு. அதுவும் ஏதோ போனால் போகிறது என்று போட்டதுதான்.

அவரைத் தெரியாதவர்கள் அந்த நாட்டில் கிடையாது. ஏழாம் வகுப்புப் புத்தகத்திலேயே அரைப் பக்கம் வருகிறார். நானூறு வருடங்களுக்கு முன் நடந்த சண்டை. ஜலசந்தியின் அக்கரையில் இருந்த கோட்டையை எதிரிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. அவர்களைக் காப்பாற்ற எண்பத்திரண்டு கப்பல்களோடு கிளம்பிய தளபதி, வழியில் புயல் வரவும் ஒரு குடாவுக்குள் ஒதுங்கினார். ஒதுங்கினவர் ஒதுங்கினவர்தான். மறுநாளே புயல் ஓய்ந்துவிட்டது. அவர் வெளியே வரவில்லை. ஒரு நாளா இரண்டு நாளா, இருபத்தொன்பது நாள். இருபத்தாறாம் நாள் கோட்டை விழுந்தது. இருபத்தொன்பதாம் நாள் காலை அவர் சாவகாசமாகப் பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தபோது அங்கே புகைதான் மிச்சம். தலைநகரத்தில் விசாரணை வைத்தார்கள். ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அவர் சொன்னது இரண்டே வார்த்தை.

"தண்ணீர் இல்லை."

கடலில் நின்றுகொண்டு தண்ணீர் இல்லை என்றாராம்! சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது என்று அரண்மனை வரலாற்றாளர் எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து சாக்குச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து வாத்தியார்கள், "ஏன், தண்ணீர் இல்லையாக்கும்?" என்று கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

விளையாட்டு தயாரிக்கிறவர்கள் இப்படி ஒரு ஆளை விடுவார்களா? தளபதியின் உருவத்துக்குத் தொப்பையும் நடுங்கும் முழங்காலும் கொடுத்தார்கள். வானொலி நாடகங்களில் நாற்பது வருடம் நடித்த ஒரு குரல்காரரைக் கூப்பிட்டு, "தண்ணீர் இல்லை!" என்று கீச்சுக்குரலில் அலற வைத்துப் பதிவு செய்தார்கள். ஆடுகிறவர் எப்போது தளபதியைத் தொட்டாலும் அவர் அப்படி அலறுவார். அந்தப் பதிவு நடந்த அன்று டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

புதிய பதிப்புக்காக முதலாளிக்கு ஓர் ஆசை. இதுவரை விளையாட்டில் கடல் என்றால் நீலத் துணி விரித்த மாதிரிதான். கப்பல்கள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். இந்தத் தடவை கடல் கடலாகவே இருக்க வேண்டும் என்றார். அதற்கென்று ஒரு புரோகிராமரை அமர்த்தினார். முப்பது வயதுப் பையன், ஒல்லி, பேச்சு குறைவு. அலுவலகத்தில் 'கடல்காரன்' என்று பெயர் விழுந்துவிட்டது. கடலில் கால் நனைத்தவன்கூட இல்லை. பஸ்ஸில் ஏறினாலே அவனுக்கு வாந்தி வரும்.

அவன் எட்டு மாதம் குனிந்த தலை நிமிராமல் உழைத்தான். கடல்துறை வெளியிட்ட ஆழ வரைபடங்களை எல்லாம் ஏற்றினான். பிறகு நிலவை ஏற்றினான். கடல் ஏறுவதும் இறங்குவதும் நிலவாலும் சூரியனாலும். அவை இரண்டும் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று முன்னோக்கிக் கணக்கிட முடிகிற மாதிரியே பின்னோக்கியும் கணக்கிடலாம். நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடல் எவ்வளவு உயரம் இருந்தது என்று சொல்லிவிடலாம். "இதெல்லாம் யாருக்குத் தம்பி தெரியப்போகுது?" என்று டீச்சர் ஒருமுறை கேட்டாள். "கடலுக்குத் தெரியும் டீச்சர்" என்றான் அவன். லேசாகக் கழன்ற கேஸ் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சோதனை அறையிலிருந்து அவளுக்கு ஒரு புகார்ச் சீட்டு வந்தது. 'தைரியம் வேலை செய்யவில்லை' என்று எழுதியிருந்தது.

அவள் எழுந்து போனாள். சோதனைக்காரப் பெண் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி திரையைக் காட்டினாள்.

"பாருங்க டீச்சர். கோழைத் தளபதியைக் குடாவுல விட்டா வெளிய வரமாட்டேங்கிறார். சரி, அவர் மார்க்கு ரெண்டு, வரமாட்டார். அவரைத் தூக்கிட்டு நம்ம வாள்ராணியைப் போட்டேன்."

"ராணிக்கு இருபதுக்கு இருபதாச்சே."

"அதான் சொல்றேன். ராணியும் வரமாட்டேங்கிறாங்க!"

வாள்ராணி எரிகிற பாலத்தின் மேல் குதிரையை விட்டவள். டீச்சர் இதுவரை முழு மார்க்கு போட்ட ஒரே ஆள். அவளும் குடாவுக்குள் எண்பத்திரண்டு கப்பலை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். டீச்சர் தன் எண்களைச் சரிபார்த்தாள். தப்பே இல்லை. அப்படியானால் கடலில்தான் கோளாறு என்று கடல்காரனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தான். "கோளாறு இல்லையே. போக முடியாது, அதான் போகல."

"ஏன் முடியாது?"

"குடா வாசல்ல ஆழம் பத்தல டீச்சர். கப்பலோட அடிப்பாகம் தண்ணிக்குள்ள இவ்வளவு இறங்கியிருக்கும்" என்று கையை விரித்துக் காட்டினான். "அங்க தண்ணி அவ்வளவு இல்ல. புயல் அன்னைக்குப் பெரிய ஏத்தம், காத்தும் தண்ணியை உள்ள தள்ளிருக்கு. அதனால நுழைஞ்சுட்டாங்க. மறுநாள் இறங்கிடுச்சு."

டீச்சருக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. "அப்போ எப்பத்தான் போவாங்களாம்?"

"தெரியல. ஓட்டிப் பாப்போமா?"

கூட்ட அறைச் சுவரில் படத்தைப் பெரிதாகப் போட்டு, நாளை ஒவ்வொன்றாக ஓடவிட்டான். ஓரத்தில் இரண்டு எண்கள்: வாசலில் எவ்வளவு தண்ணீர், கப்பலுக்கு எவ்வளவு தேவை. வாள்ராணிக்கு 'அக்கரைக் கோட்டையைக் காப்பாற்று' என்ற ஒரே கட்டளை. டீ குடிக்கப் போனவர்கள் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு கோப்பையோடு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் வாசலில் தண்ணீர் இடுப்பளவுதான். ஏழாம் நாள் ராணி, யாரும் சொல்லாமலே, துடுப்புப் படகுகளை இறக்கினாள். தட்டையான சின்னப் படகுகள். அவை வாசலைத் தாண்டும். கோட்டைக்குச் சாப்பாடு கொண்டுபோய், திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. பதினான்காம் நாள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ராணி பீரங்கிகளையும் குண்டுகளையும் கரையில் இறக்கிக் கப்பல்களை இலேசாக்கினாள்.

"அப்படிப் போடு!" என்றான் படம் வரைகிற பையன்.

பதினைந்தாம் நாள் தண்ணீர் வந்தது. வந்து, ஒரு சாண் குறைவாக நின்றுவிட்டது. அறையில் அத்தனை பேரும் 'ச்சே' என்றார்கள். பதினாறாம் நாள் மறுபடி இறங்கியது. இருபத்திரண்டாம் நாள் அந்த வாசலை ஒரு நாய் நடந்தே கடந்துவிடலாம். இருபத்தாறாம் நாள் திரையின் மேல்மூலையில் கோட்டை விழுந்தது என்று செய்தி வந்தது. 

டீச்சர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருபத்தேழு. தண்ணீர் ஏறுகிறது. இருபத்தெட்டு. நான்கு விரல் குறைகிறது. அடுத்த எண் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஏழாம் வகுப்பில் படித்தவர்கள்தானே அத்தனை பேரும். 

இருபத்தொன்பதாம் நாள் காலை. வாசல் எண் தேவை எண்ணைத் தொட்டது, இரண்டு விரல் தாண்டியது. எண்பத்திரண்டு கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய் விரித்து வெளியே வந்தன.

டீச்சரின் கை கால் எல்லாம் சிலிர்த்துவிட்டது.  "தம்பி, இந்த இருபத்தொன்பதை நீ புரோகிராம்ல எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"நிஜமா சொல்லு."

"நான் ஏன் எழுதணும்? நிலா எங்க இருந்துச்சுன்னு மட்டும்தான் எழுதினேன்." அவன் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான். "வேணும்னா தேடிப் பாருங்க."

தேடினார்கள். இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானூறு வருடம் ஒரு நாடே சிரித்த வார்த்தைகள் அவள் காதில் முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் ஒலித்தன. தண்ணீர் இல்லை. அவரிடம் கேள்வி கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஒரு மாலுமி சொல்லக்கூடிய, கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லாத பதில்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் துறைமுகத்தில் பைலட். ஆகாய விமானம் ஓட்டுகிறவர் இல்லை. வெளியூர்க் கப்பல் வந்தால் நடுக்கடலில் ஏறிக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்துத் துறைக்குள் கூட்டிவருகிறவர். அம்மா இருந்தவரை சொந்தக்காரர்களிடம் "பையன் பைலட்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் வானத்தைப் பார்ப்பதை ரசித்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணா, கோழைத் தளபதி ஒதுங்கின குடா தெரியுமா?"

"தெரியாம என்ன பாப்பா. அந்தப் பக்கம் எந்தக் கப்பலையும் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு எங்க வரைபடத்துலயே சிவப்புக் கோடு போட்டிருக்கே." நாற்பத்து மூன்று வயதிலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

"ஏன் போகக்கூடாது?"

"வாசல்ல குறுக்க ஒரு பாறை வரப்பு கிடக்கு. வீட்டுக்கு வாசப்படி மாதிரி. சின்னப் படகு போகும், பெருசு போகாது."

"நானூறு வருஷத்துல அது நகர்ந்திருக்காதா?"

"மணலா இருந்தா நகரும். இது பாறை. நீயும் நானும் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கதான் கிடக்கும். எதுக்குக் கேக்குற?"

"உள்ள போன கப்பல் மறுபடி வெளிய வரணும்னா?"

"உள்ள போனப்போ இருந்த தண்ணி மறுபடி வரணும். இதென்ன பெரிய—" அண்ணன் பாதியில் நின்றுவிட்டார். "ஏய், இரு இரு. அவர் உள்ள போன தேதி என்ன?"

சொன்னாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அண்ணியிடம் பேனா கேட்டார். ஏதோ முணுமுணுத்தபடி கணக்குப் போடுவது கேட்டது.

"பாப்பா," என்றார் கடைசியில். "அந்த மனுஷன் மாட்டிக்கிட்டாரு. இருபது வருஷமா தினம் அந்தச் சிவப்புக் கோட்டைப் பாக்குறேன். எனக்கு ஒரு நாளாவது தோணுச்சா பாரு. நானும் கிளாஸ்ல உக்காந்து சிரிச்சவன்தானே."

மறுநாள் வரலாற்றுப் பேராசிரியர் வந்தார். விளையாட்டில் அண்டப்புளுகு எதுவும் நுழைந்துவிடாமல் பார்ப்பதற்காக மாதம் ஒரு நாள் வருகிறவர். அன்றைக்கு அவசரமாக வரவழைத்தார்கள். சுவரில் இருபத்தொன்பது நாளையும் அவருக்கு ஓட்டிக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் தடவை முடிந்ததும் பையிலிருந்து விசாரணைக் குறிப்பின் நகலை எடுத்தார்.

"தலைநகரத்துக்கும் கடலுக்கும் பன்னிரண்டு நாள் குதிரைப் பயணம். தீர்ப்புச் சொன்ன பதினோரு பேரும் உள்நாட்டுக்காரங்க. மாலுமி ஒருத்தரைக்கூட சாட்சிக்குக் கூப்பிடல." விரலால் ஒரு வரியைத் தொட்டார். "இங்க பாருங்க. 'தண்ணீர் இல்லை'ன்னு அவர் சொல்றாரு. அடுத்த வரியில 'சிரிப்பு'ன்னு குறிச்சிருக்கு. அதோட விசாரணை முடிஞ்சிடுச்சு. அடுத்த கேள்வியே கிடையாது."

"அவராவது விளக்கிச் சொல்லியிருக்கலாமே சார்?" என்றாள் டீச்சர்.

"கேட்டாத்தானேம்மா சொல்லுவாரு."

சாண் கணக்கெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் பதினைந்தில் முடியாதது இருபத்தொன்பதில் முடிந்தது என்பதை மறுக்க முடியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். இதை எழுத வேண்டும் என்று நோட்டைத் திறந்தார்.

முதலாளிக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அவருக்கு எல்லாமே விளம்பரப் பலகையாகத்தான் தோன்றும். "டீச்சர், பிரமாதம்! கோழை இல்ல, மாவீரன்னு போடுவோம். தைரியம் இருபது. தொப்பையை எடுத்துட்டு நெஞ்சை நிமிர்த்தி விடுங்க. அந்தப் படகெல்லாம் போச்சே, அதை ஒரு சின்னப் படமாவே எடுத்துடலாம். பட்டினி கிடக்கிற ஊருக்கு இருட்டோட இருட்டா அரிசி மூட்டை அனுப்புறாரு. பாக்குறவன் அழணும்!"

"படகை அனுப்பினது உங்க கம்ப்யூட்டர்" என்றார் பேராசிரியர். "தளபதி அனுப்பினாருன்னு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தண்ணி சாட்சி. படகு உங்க ஆசை."

"ஆசைப்பட்டா என்ன தப்பு?"

டீச்சர் அதுவரை கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இருபது போடத்தான் கை துறுதுறுத்தது. நானூறு வருடப் பழிக்கு ஒரே எண்ணில் ஈடு கட்டிவிடலாமே. ஆனால் மனதுக்குள் ஏதோ இடறியது.

"சார், தண்ணி இல்லேன்னா கோழையும் நிப்பான், வீரனும் நிப்பான். நம்ம ராணியே நின்னுட்டாங்க. அப்போ அந்த இருபத்தொன்பது நாளை வச்சு அவர் வீரர்னும் சொல்ல முடியாது. அந்த நாளை எடுத்துட்டா அவரைப் பத்தி நமக்கு வேற என்ன தெரியும்?"

பேராசிரியர் தலையை ஆட்டினார். "ஒண்ணும் தெரியாது."

"அப்போ ரெண்டு போட்டதும் தப்பு, இருபது போடுறதும் தப்பு. நான் எதுவும் போடப்போறதில்ல."

முதலாளி கையை விரித்தார். "எதுவும் போடாம எப்படி? ஆடுறவங்க கேக்கமாட்டாங்களா?"

அவர்கள் கேட்பதற்கு முன் கணினியே கேட்டது. கட்டத்தை வெறுமையாக விட்டால் விளையாட்டு திறக்கவே மறுத்தது. எண் தேவை, எண் தேவை என்று அடம்பிடித்தது. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்தை யாரும் காலியாக விட்டதில்லை. கடல்காரன் இரண்டு நாள் உட்கார்ந்து அதற்கும் வழி பண்ணினான். தளபதியின் தைரியத்துக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும் தெரியும். ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் கணினி ரகசியமாக ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். ஒருவர் வீட்டில் அவர் சிங்கமாக இருப்பார், இன்னொருவர் வீட்டில் தொடைநடுங்கியாக இருப்பார். எந்த வீட்டிலும் இருபத்தொன்பது நாள் காத்திருப்பார். படகுகளை அனுப்புவதா வேண்டாமா என்பது ஆடுகிறவர் பாடு.

அந்தப் படகுகள் டீச்சரை விடவில்லை. கடல்காரன் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்ததில் தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை படகுகள் போயிருந்தன. உள்ளே மாட்டிக்கொண்ட எவருக்கும் அது தோன்றத்தான் செய்யும் போலிருக்கிறது. அவருக்கும் தோன்றியிருக்குமா? பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவளுக்கு அதே நினைப்பு. நடந்திருந்தால், அந்தப் படகில் ஏறித் தப்பிய யாரோ ஒருவரின் வம்சம் இன்றைக்கு இதே ஊரில் பஸ்ஸுக்கு நிற்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை என்பதே அவளுக்கு மலைப்பாக இருந்தது.

குரல்காரரை மறுபடி வரவழைத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, நடந்ததை முழுக்கக் கேட்டார். 

"அப்போ எப்படிம்மா சொல்லணும்? சோகமாவா? கோபமாவா?"

"எப்படியும் வேண்டாம் ஐயா. குழாயைத் திறந்து பாத்துட்டு வந்து வீட்டுல சொல்லுவோமே, அப்படி."

அவர் ஒரே தடவைதான் சொன்னார். இரண்டாம் பதிவு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

விளையாட்டு வெளிவந்தது. முதல் வாரம் புகார்கள் கொட்டின: கப்பல் நகரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு, சிரிப்புக் குரல் எங்கே போயிற்று. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். இரண்டாம் வாரத்தில் ஓர் ஆள் இருபத்தொன்பதாம் நாள் வரை பொறுமையாக உட்கார்ந்து ஆடி, அதைப் படம் பிடித்துப் போட்டான். வாசலில் தண்ணீர் ஏறும்போது அவன் பேச்சை நிறுத்திவிட்டான். கடைசிக் கப்பல் வெளியே வந்த பிறகு, "டேய், அவர் பொய் சொல்லலடா" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு புகார் குறைந்துவிட்டது. அடுத்த வருடப் பாடப்புத்தகத்தில் அந்த அரைப் பக்கத்தைத் திருத்தச் சொல்லிப் பேராசிரியர் எழுதிப் போட்டிருக்கிறார். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். "பாப்பா, வர்ற சனிக்கிழமை கிட்டத்தட்ட அதே உயரம் தண்ணி வருது. வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான் அப்படி வரும். பாக்கணும்னா கிளம்பி வா."

டீச்சர் தனியாகத்தான் போக நினைத்தாள். விஷயம் கசிந்து, ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. முதலாளி, பேராசிரியர், சோதனைக்காரப் பெண், டீச்சரின் கணவர், மடியில் பிளாஸ்டிக் பையோடு கடல்காரன். அவன் வழியில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வைத்தான்.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் உள்வாங்கியிருந்தது. அண்ணன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். "பாத்து வாங்க, பாசி வழுக்கும்." குடாவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கறுப்புப் பாறை ஒரு முதுகெலும்பு மாதிரி கிடந்தது. இடுக்குகளில் தேங்கிய தண்ணீரில் குட்டி நண்டுகள் ஓடின. வரப்பின் நடுவில் போய் நின்று டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பின்னால் குடா, அசைவில்லாத ஏரி மாதிரி. எண்பத்திரண்டு கப்பல் தாராளமாக நிற்கும். முன்னால் ஜலசந்தி. அதற்கு அப்பால் அக்கரை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

தெரிந்தது என்பதுதான் அவளை உலுக்கிவிட்டது. வரைபடத்தில் எத்தனையோ தடவை பார்த்த தூரம்தான். ஆனால் இங்கே நின்றால் அக்கரையில் ஓடும் வண்டிகூட மினுக்கென்று தெரிகிறது. அப்படியானால் அவருக்குக் கோட்டை தெரிந்திருக்கும். இருபத்தாறாம் நாள் எழுந்த புகை தெரிந்திருக்கும். இந்தப் பாறையில், இதே இடத்தில், தண்ணீரை அளக்க ஒவ்வொரு நாளும் வந்து நின்றிருப்பார். இந்த நினைப்புக்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. எத்தனை மார்க்கு போட்டாலும் இது அடங்காது. அவள் குனிந்து பாறையைத் தொட்டாள். வெயிலில் சூடாக இருந்தது.

"ஏறிடுங்க, வருது" என்று அண்ணன் கத்தினார்.

எல்லோரும் கரை மேட்டுக்கு ஓடினார்கள். தண்ணீர் அலையாக வரவில்லை. பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஈரம் மெல்ல உயர்ந்தது. இடுக்குகள் நிரம்பின. ஒரு இடத்தில் கண்ணாடிப் பட்டை மாதிரி தண்ணீர் வரப்பைத் தாண்டிக் குடாவுக்குள் வழிந்தது. பிறகு இன்னொரு இடத்தில். பிறகு வரப்பே இல்லை. மத்தியான வெயிலில் மணிக்கணக்காக நின்றும் ஒருவரும் நிழலுக்கு ஒதுங்கவில்லை. கடல் ஏறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரியது இவ்வளவு சத்தமில்லாமல் எழுந்து வரும் என்று டீச்சர் நினைத்ததே இல்லை. நான்கு மணி சுமாருக்குக் குடாவும் ஜலசந்தியும் ஒரே நீராகிவிட்டன. கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

கடல்காரன் மட்டும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் உச்சியில் நின்று, அசையாமல் பளபளத்த நேரத்தில் அவன் முகம் வாடியது.

"நாலு நிமிஷம் தள்ளி வந்திருக்கு" என்றான், ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி.

அண்ணன் அவன் முதுகில் தட்டினார். "நாலு நிமிஷம்தானே தம்பி. நானெல்லாம் அரை மணி நேரம் தப்பா சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவன்."

அவன் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேட்டிலிருந்து இறங்கி, கணுக்கால் வரை தண்ணீரில் போய் நின்றான்.